பரிசு வாங்கிய கழிப்பறையும் என் அக்காவும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் என் அக்காவை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸ் என்றால் அப்படித்தானே? தலைமையாசிரியை சிஸ்டர் என்பார், வாட்ச்மேன் சிஸ்டர் என்பார், ஆறாம் வகுப்புப் பொடிசுகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு சிஸ்டர் சிஸ்டர் என்று கத்தியபடி ஓடிவரும். அவளோடு கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். நான் அக்கா என்பேன். அதுவும் அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது. மற்ற நேரத்தில் வாயே திறக்க மாட்டேன்.

நான் அந்தப் பள்ளியின் வேன் டிரைவர். வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். அதை அடிக்கடி சொல்லிக் காட்டாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "உன்னை நம்பி வண்டியைக் குடுத்தாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்" என்பாள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற ரகம். ஆனால் ஒன்று சொல்கிறேன், பிள்ளைகள் விஷயத்தில் அவளைப் போல இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. இதை அவள் காதுபட நான் சொன்னதும் இல்லை, இனிமேல் சொல்லப் போவதும் இல்லை.

அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கூரை சரிவாக இறங்கும். உயரமான பையன்கள் நுழையும்போது தலையை இடித்துக்கொள்வார்கள். வெறும் சளிக்கு வந்தவனும் வீக்கத்துக்குச் சேர்த்து மருந்து வாங்கிக்கொண்டு போவான். உள்ளே பச்சை ரெக்ஸின் போட்ட ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், கண்ணாடி பீரோ, குழாய் வைத்த ஒரு எவர்சில்வர் தண்ணீர் டிரம். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

யார் என்ன வலி என்று வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"காலையிலேருந்து எத்தனை வாட்டி பாத்ரூம் போனே?"

மெதுவாகக் கேட்கவும் தெரியாது. வராந்தா முழுக்கக் கேட்கும். பையன்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். பெண் பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? எனக்கும் வரும், உனக்கும் வரும், உங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் வரும். சொல்லு" என்பாள்.

"போகலை சிஸ்டர்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிக்கலை சிஸ்டர்."

தலைவலி, மயக்கம், அடிவயிற்றில் வலி, எரிச்சல் என்று அந்தக் கட்டிலில் வந்து படுத்த பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் சொன்ன பதில் இதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், பள்ளியில் கழிப்பறை இல்லாமல் இல்லை. இருந்தது. அதுவும் எப்பேர்ப்பட்டது! பெண் பிள்ளைகளுக்கென்றே புதிதாகக் கட்டியது. வெள்ளை டைல்ஸ், பெரிய கண்ணாடி, கை கழுவ வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை. கட்டி முடித்த சூட்டோடு, சுகாதாரமான பள்ளி என்று ஒரு சுழற்கேடயம் கிடைத்தது. கேடயத்தை அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதே கையோடு கழிப்பறையையும் பூட்டினார்கள்.

ஆமாம், பூட்டினார்கள். பிள்ளைகள் போனால் அழுக்காகிவிடுமாம். அடுத்த வருடமும் கேடயம் கையைவிட்டுப் போகக் கூடாதே! யாராவது பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால், அலுவலக மேனேஜர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து திறந்து காட்டுவார். அவர்களும் எட்டிப் பார்த்து, மூச்சை இழுத்துப் பார்த்து, "பிரமாதம், வாசனையே இல்லை" என்பார்கள். யாரும் போகாத இடத்தில் வாசனை எங்கிருந்து வரும்? இது கூடவா தெரியாது?

பிள்ளைகளுக்கு மைதானத்தின் கோடியில் இருந்த பழைய கழிப்பறை. தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் வந்தால் வரும். போகிற வழியெல்லாம் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், கூடவே கிண்டலும் விசிலும். பெண் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்? குடிக்காமலே இருந்துவிடுவது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

சாயங்காலம் என் வேனில் அவர்கள் வருகிற அழகைப் பார்க்க வேண்டும். அந்த வயதுப் பெண்கள் ஒரு வண்டியில் இருந்தால் என்ன சத்தம் இருக்கும்! ஒரு சத்தம் இருக்காது. காலோடு காலைச் சேர்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேக்கரி முனையில் ஒரு வேகத்தடை உண்டு. அது வந்தால் மட்டும் மொத்த வண்டியும் ஒரே குரலில் அலறும்.

"அண்ணே, மெதுவா! மெதுவா அண்ணே!"

"நான் என்ன முட்டை வண்டியா ஓட்டறேன்?" என்று நான் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மடையா, அதுங்க காலையிலேருந்து அடக்கிட்டு வருதுங்கடா" என்றாள். அதற்குப் பிறகு அந்த மேட்டை நான் எறும்பு ஏறுகிற மாதிரி ஏறி இறங்கினேன்.

வேனில் கடைசி சீட்டில் உட்கார்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் குதிரை என்று பெயர். தோழிகள் வைத்தது. ஓட்டப்பந்தயத்தில் அவளைப் பிடிக்க எந்தப் பள்ளியிலும் ஆள் இல்லை. நெடுநெடுவென்று வளர்ந்து, எப்போதும் எதையாவது மென்றுகொண்டு, என் வண்டியின் ஹாரனைக் கிண்டல் செய்துகொண்டு வருவாள். கொஞ்ச நாளாக அவள் வாயைக் காணோம். ஏற்கெனவே ஒரு தடவை காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வந்தவள், ஒரு மத்தியானம் ஓட்டப் பயிற்சியில் சுருண்டு விழுந்துவிட்டாள். அக்கா அவளைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"டேய், எடுடா வண்டியை!"

பிள்ளையின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெயிலில் அவ்வளவு நடுக்கம். அக்கா ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தோளில் அடித்து அடித்து வேகமாகப் போகச் சொன்னாள். நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு வெளியே வந்தார். "யூரின்ல தொத்து. கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இது ரெண்டாவது தடவைங்கறாங்க. இப்போ குணமாயிடும். ஆனா திரும்பத் திரும்ப வந்தா கிட்னியில தழும்பு விழும். அது அப்புறம் போகாது. தண்ணி நல்லாக் குடிக்கணும், வந்தா உடனே போகணும், அடக்கவே கூடாது" என்றார்.

பெண்ணின் அம்மா சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவர். செய்தி கேட்டு அப்படியே ஓடிவந்திருந்தார். கையிலும் தோளிலும் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"எங்க கம்பெனியிலயும் அப்படித்தான் சிஸ்டர். டோக்கன் வாங்கிட்டுத்தான் போகணும், அதுக்கு ஒரு முறைப்பு முறைப்பாங்க. அடக்கிக்கறது எங்களுக்குப் பழகிப்போச்சு. இவ சின்னப் பொண்ணு, இவளுக்கும் இப்படியா? வேண்டாம் சிஸ்டர். பள்ளிக்கூடமே வேண்டாம். வீட்டிலயே கிடக்கட்டும், உடம்பாவது மிஞ்சும்."

கட்டிலில் கிடந்த குதிரை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தோள் அசைவிலேயே தெரிந்தது.

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கட்கிழமை அவளை அனுப்புங்க. கதவு திறந்திருக்கும். நான் சொல்றேன்."

எந்த தைரியத்தில் சொன்னாள்? சாவி என்ன இவள் இடுப்பிலா தொங்கியது? எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறைக்குள் போனாள். நான் வண்டிச் சாவியைக் கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்றேன். அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓட்டைக் கூரையில் நடந்த பள்ளியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர். கேடயம் வந்த பிறகுதான் நிறையப் பேர் பிள்ளைகளைச் சேர்க்க வந்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்தக் கேடயம் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

"சிஸ்டர், வர்ற புதன்கிழமை நடுவர்கள் வர்றாங்க. அவங்க பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

"போன வருஷமும் அப்புறம்னுதான் சொன்னீங்க மேடம்."

"திறந்து விட்டா ஒரே நாள்ல நாசம் பண்ணிடுவாங்க. சரி, உங்களுக்காக ஒண்ணு செய்யறேன். அந்தப் பொண்ணுக்கு மட்டும் மேனேஜர் திறந்து விடட்டும். போதுமா?"

நானாக இருந்தால் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அக்காவுக்குத்தான் மூக்கின் மேல் கோபமாச்சே.

"அவ மட்டும்தான் மனுஷியா? மத்த பிள்ளைங்களுக்கு எல்லாம் கிட்னி இரும்புல செஞ்சதா? அதுவும் அவ ஒவ்வொரு வாட்டியும் ஆபீஸ்ல போய், ஆம்பளைங்க முன்னாடி நின்னு, பாத்ரூம் சாவி குடுங்கன்னு கேக்கணுமா? நீங்க கேப்பீங்களா மேடம்?"

"உங்க வேலை மருந்து குடுக்கறது, சிஸ்டர்."

"குடுக்கத்தான் வந்திருக்கேன். மருந்து அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கு. நீங்க பூட்டி வச்சிருக்கீங்க."

அதோடு பேச்சு முடிந்தது. அக்கா வெளியே வந்து, நேராக ஆசிரியைகளின் கழிப்பறைக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் அதற்கும் தடை. டீச்சர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதாம். பத்து நிமிடம் வரிசையில் நின்றதற்கே அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம்!

எனக்கு நிம்மதியாக இருந்தது. முடிந்த மட்டும் பார்த்துவிட்டாள், இனி அடங்குவாள் என்று நினைத்தேன். என் அக்காவைப் பற்றி இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பள்ளியில் ஒரு விதி உண்டு. உடம்பு சரியில்லாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா இல்லையா என்று நர்ஸ்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொன்னால் வேன் உடனே கிளம்ப வேண்டும், வேறு யாரையும் கேட்கத் தேவையில்லை. முன்பு ஒருமுறை ஒரு பையன் குடல்வால் வலியில் துடித்தபோது, இவரைக் கேள் அவரைக் கேள் என்று இழுத்தடித்து, உயிர் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நிர்வாகமே போட்ட விதி.

திங்கட்கிழமை குதிரை வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். முதல் பாடவேளை முடிந்ததும் அக்கா என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் ஒரு வண்டி நிறையப் பெண் பிள்ளைகள். ஒருத்தருக்கொருத்தர் இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுடா."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"இவங்க எல்லாருக்கும்."

"என்ன உடம்புக்கு?"

"பாத்ரூம் போகணும். அதுக்கு வசதி இவங்க வீட்டிலதான் இருக்கு. அடக்கி வச்சா நோய் வரும்னு டாக்டர் சொல்லியாச்சு. வீட்டுக்கு அனுப்பறேன். போயிட்டு வந்து பாடம் படிக்கட்டும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில், மாங்காய் அடித்துவிட்டு மாட்டிக்கொண்டபோது "நான்தான் அடிச்சேன், என்ன இப்போ?" என்று நின்றாளே, அதே முகம். வண்டியை எடுத்தேன்.

பக்கத்திலேயே வீடு உள்ளவள் ஒருத்தி வழி காட்டினாள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா, தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு பெண் பிள்ளைகள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"பாத்ரூம் அங்கிள்."

விஷயத்தைச் சொன்னதும் அவருடைய தூக்கம் பறந்துவிட்டது. "பரிசு வாங்கின பள்ளிக்கூடம்னுதானே சேர்த்தேன்?" என்றார். பிறகு உள்ளே போய்ப் பக்கெட்டில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார்.

அன்று நான் எத்தனை நடை போனேனோ, எனக்கே தெரியாது. கொண்டுபோய் இறக்குவது, கூட்டிக்கொண்டு வருவது, அடுத்த கும்பல் தயாராக நிற்கும். அக்கா ஒவ்வொருத்திக்கும் டிரம்மிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்துத்தான் வண்டியில் ஏற்றினாள். வகுப்புகள் பாதி காலி. கணக்கு டீச்சர் யாருக்குப் பாடம் நடத்துவது என்று வராந்தாவில் நின்று கத்தினார். மேனேஜர் வண்டிக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரைக் கேட்டுய்யா வண்டி எடுக்கறே?"

"நர்ஸைக் கேட்டு சார். நீங்க போட்ட விதிதான். நகருங்க, உள்ள அவசரம்."

நகர்ந்தார். வேறு வழி?

சாயங்காலம் வீட்டில் நான் அவளிடம் சண்டை போட்டேன். "ஒரே வீட்டில ரெண்டு பேர் வேலையும் போகப் போகுது. அப்புறம் யார் சோறு போடுவா?"

"போகட்டும்" என்றாள், துணி மடித்துக்கொண்டே. "உனக்கு லைசென்ஸ் இருக்கு. எனக்கு வாய் இருக்கு. பொழைச்சுக்கலாம். அந்தப் பொண்ணுக்கு வேற கிட்னி எங்கடா இருக்கு?"

செவ்வாய்க்கிழமையும் வண்டி ஓடியது.

புதன்கிழமை காலை தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும், சிஸ்டர். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"இன்னிக்கும் அதுங்களுக்கு வருமே மேடம்" என்றாள் அக்கா. "கதவைத் திறங்க. நான் பிரஷ்ஷை எடுத்துட்டு நானே நின்னு கழுவறேன். நடுவர் எட்டிப் பார்க்கும்போது பளபளன்னு இருக்கும்."

தலைமையாசிரியை திரும்பிப் போய்விட்டார்.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் கண்ணாடி போட்ட பெரியவர், இன்னொருவர் நடுத்தர வயதுப் பெண். மேனேஜர் சாவிக்கொத்தோடு முன்னால் போக, கழிப்பறை வாசலை நெருங்குகிற நேரத்தில்தான் நான் அந்தப் பக்கமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வழக்கமான நேரம்தான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். பெண் பிள்ளைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நடுவரம்மா நின்றார். "இவங்க எல்லாம் எங்க போறாங்க? சுற்றுலாவா?"

தலைமையாசிரியை மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். வேன் படியில் ஒரு காலை வைத்திருந்த குதிரை திரும்பினாள்.

"பாத்ரூமுக்குப் போறோம் மேடம். வீட்டுக்கு."

"ஏன்மா, இதோ இங்க இருக்கே?"

"இது நீங்க பார்க்கறதுக்கு, மேடம்" என்றாள் குதிரை. படியில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். "எங்களுக்குப் பூட்டியிருக்கு. நான் அடக்கி அடக்கி கிட்னி வரைக்கும் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன். இன்னொரு தடவை வந்தா எங்கம்மா என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திடுவாங்க. நான் படிக்கணும். ஓடணும்."

அக்கா சொல்லிக் கொடுத்தாளா என்று பிறகு பலபேர் கேட்டார்கள். இல்லை. குதிரை பேசி முடித்தபோது என் அக்கா வாயடைத்து நின்றதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அடுத்த நொடி மேனேஜர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்க."

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார், குதிரையை ஒருமுறை பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையாட்டினார். சாவி அக்காவின் கைக்கு வந்தது. வேனில் ஏறியவர்கள் எல்லாம் திமுதிமுவென்று இறங்கி ஓடினார்கள். நடுவர்கள் உள்ளே பார்க்க வேண்டுமானால் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்தப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். நடுவரம்மா மட்டும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் போய்விட்டு வந்தார்.

கேடயம் வேறு பள்ளிக்குப் போய்விட்டது. நிர்வாகம் அக்காவைக் கூப்பிட்டு, பள்ளியின் பெயரைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்றது. "அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நீங்க முதல்ல கேளுங்க. அடுத்து நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து வந்து தன் கட்டிலின் விரிப்பை மாற்ற ஆரம்பித்தாள். அன்று அலுவலக வாசலில் பொத்தான் தைக்கிற அம்மாவும், தூக்கம் கலைந்த அப்பாவும், இன்னும் நிறையப் பேரும் வந்து நின்றிருந்தார்கள். அதற்குப் பிறகு மன்னிப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பூட்டை அக்கா எங்கே எறிந்தாள் என்று இன்றுவரை தெரியாது. காலியான கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, "இதைக் குடுத்தா சோப்பு வச்சுக்கலாம்" என்று தலைமையாசிரியையிடமே கேட்டிருக்கிறாள். கொழுப்பைப் பாருங்கள்!

கழிப்பறை அழுக்காகத்தான் செய்கிறது. தினமும் கழுவுகிறார்கள். கழுவாவிட்டால் அக்கா வராந்தாவில் நின்று கத்துவாள், அது தெரு வரைக்கும் கேட்கும். குதிரையை மறுபடி பரிசோதித்த டாக்டரம்மா, கிருமி இல்லை, இப்படியே தண்ணீர் குடித்தால் போதும் என்றார்.

இப்போது சாயங்காலம் என் வேனில் காது கொடுக்க முடியவில்லை. பாட்டு, சண்டை, ஜன்னல் சீட்டுக்கு அடிதடி, என் ஹாரனுக்குக் கிண்டல். தண்ணீர் பாட்டில்கள் காலியாகக் கிடந்து சீட்டுக்கு அடியில் உருளுகின்றன. அன்றொரு நாள் பேக்கரி முனை வந்ததும், பழக்க தோஷத்தில் பிரேக்கை அழுத்தி, மேட்டில் மெதுவாக ஏற்றினேன். கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னண்ணே, உருட்டிக்கிட்டு இருக்கீங்க? வேகமா விடுங்க!"

மொத்த வண்டியும் சேர்ந்து கத்தியது. விட்டேன்.